600 ரூபாய்க்கு அர்த்தநாரி: எழும்பூர் மியூசியத்தில் மாமியாரோடு ஒரு காலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். ஆனால் முன்பாதிக்காகப் போங்கள். பின்பாதியில் வெயிலும் பசியும் சேர்ந்துகொள்ளும், பேசுகிறவரும் ஓட ஆரம்பித்துவிடுவார்.

மூன்று நான்கு இளைஞர்கள் சேர்ந்து எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டண நடை நடத்துகிறார்கள், மாதத்துக்கு ஒரு தலைப்பு. போன மாதம் பழங்காலத்தில் ஆண், பெண், காமம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ தட்டிவிட்ட அழைப்பைப் பார்த்துப் பதிவு செய்தேன். குழுவின் பெயரை இங்கே போடவில்லை, ஏனென்றால் குறை நிறையச் சொல்லப்போகிறேன், பாவம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள். தலைக்கு 600 ரூபாய். மியூசியம் நுழைவுச்சீட்டு தனி. அது அழைப்பில் இல்லை, வாசலில் போய் நின்ற பிறகுதான் சொன்னார்கள்.

தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். தலைப்பைச் சொல்லக் கூச்சப்பட்டு, "மியூசியத்துல சிலை பத்தி ஏதோ பேசறாங்க அத்தை" என்று மழுப்பினேன். என் மாமியார் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மழுப்பல் அவரிடம் செல்லாது. போனை வாங்கி அழைப்பை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "முப்பத்திரண்டு வருஷம் காமத்துப்பாலைத் தாண்டித் தாண்டியே குறள் நடத்தியிருக்கேன், எனக்கும் சேர்த்து ஒண்ணு போடு" என்றார். ஆக 1200 ரூபாய்.

ஆலந்தூரில் மெட்ரோ ஏறினால் எழும்பூர் நேர் வண்டி, அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு ஆட்டோ. பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு அப்பா, அம்மா, பத்து பதினோரு வயதுப் பையன். எந்த வயதினருக்கு என்று அழைப்பில் ஒரு வார்த்தை இல்லாததால் வந்த வினை. அந்த அப்பா முதல் பத்து நிமிடத்திலேயே முகம் சிவந்துவிட்டார், பிறகு பையனின் காதைப் பொத்துவதா வேண்டாமா என்ற யோசனையிலேயே காலை முழுக்க இருந்தார். அழைத்துப்போன தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல குரல், ஆனால் மைக் கிடையாது, பதினெட்டுப் பேரில் பின்னால் நிற்கும் ஆறு பேருக்குப் பாதி கேட்காது. சட்டையில் செருகுகிற சின்ன மைக்கும் ஒரு ஸ்பீக்கரும் வாங்க எவ்வளவு ஆகிவிடும்?

ஆதிச்சநல்லூரில் ஆரம்பித்தார். தாமிரபரணிக் கரையில் தாழிகளோடு கிடைத்த பொருட்கள், அவற்றில் ஒரு சின்னப் பெண் உருவம் உண்டு, புத்தகங்களில் தாய்த் தெய்வம் என்று போட்டிருக்கும். தம்பி கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது. பெண் உருவம் கிடைத்தால் தாய்த் தெய்வம், ஆண் உருவம் கிடைத்தால் அரசன் அல்லது பூசாரி என்று பெயர் வைத்தது யார்? மொகஞ்சதாரோவில் 1926-ல் கிடைத்த 10.5 செ.மீ. வெண்கலப் பெண்ணுக்கு நடனப் பெண் என்று பெயர். இடுப்பில் கை வைத்து, தோள் வரை வளையல் போட்டு, "என்னய்யா வேணும்?" என்கிற மாதிரி நிற்கிறாள். அவள் ஆடினாள் என்பதற்கு என்ன சாட்சி? அதே ஊரில் கிடைத்த தாடிக்காரக் கல் மனிதருக்கு பூசாரி அரசன் என்று பெயர். சிந்து எழுத்தையே இன்னும் யாரும் வாசிக்கவில்லை, அதற்குள் அவருக்கு ராஜ்யம் கொடுத்தாகிவிட்டது, இவளுக்குச் சலங்கை கட்டியாகிவிட்டது.

அப்புறம் ஸ்வீடனில் பிர்கா என்ற இடத்து வைக்கிங் கல்லறைக் கதை. 1878-ல் தோண்டினார்கள். வாள், கோடாலி, அம்புகள், இரண்டு குதிரைகளின் எலும்புகள் எல்லாம் உள்ளே இருந்ததால், பெரிய போர்வீரன் என்று நூறு வருடத்துக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2017-ல் மரபணுச் சோதனை முடிவு வந்தது, பெண். பத்தாம் நூற்றாண்டு, அதாவது நம் சோழ அரசி செம்பியன் மாதேவி காலத்துக்காரி. சோதனைக்குப் பிறகு சிலர் அப்படியானால் அது வீரரின் கல்லறையே இல்லை என்று வாதாடினார்கள் என்று தம்பி சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அந்த அப்பாகூட.

அடுத்து அமராவதி, ஆந்திராவில் இருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்கள். ஒரு பங்கு லண்டனுக்குப் போய்விட்டது, மிச்சமிருப்பதில் நல்ல பங்கு இங்கேதான். எல்லோரும் சிற்பத்தில் இருக்கிற பெண்களின் இடுப்பைப் பற்றிப் பேசுவார்கள், தம்பி கல்வெட்டுகளைப் பற்றிப் பேசினார். அந்தத் தூபிக்குக் கல்லும் பலகையும் கொடுத்தவர்களின் பெயரைப் பிராகிருதத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் பெண்கள் நிறைய: பிக்குணிகள், வீட்டுக்காரிகள், மகளோடும் மருமகளோடும் சேர்ந்து கொடுத்தவர்கள். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். யார் பெயரில் ரசீது என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் படும். கையில் காசு புழங்காமல் யாரும் கல் கொடுக்க முடியாது. கற்பு, அடக்கம் என்று நூல்கள் ஆயிரம் சொல்லட்டும், இது 1,800 வருடத்துக்கு முந்தைய ரசீது. பெண்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியதைவிட, இன்னாள் இதைக் கொடுத்தாள் என்ற ஒரு வரி எனக்கு நம்பகமாகப் படுகிறது.

இங்கேதான் தம்பி கொஞ்சம் வழுக்கினார். கல்வெட்டு என்றதும் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தாவி, ராஜராஜன் 1014 வாக்கில் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிக்கான ஆடல் பெண்களைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வருடத்துக்கு நூறு கலம் நெல், ஒவ்வொருவர் பெயரும் கல்லில். அதுவரை சரி. உடனே, "அவர்கள் முழுச் சுதந்திரத்தோடு வாழ்ந்தார்கள், பின்னால் வந்தவர்கள்தான் தேவதாசி என்று இழிவுபடுத்தினார்கள்" என்றார். அத்தை கை தூக்கினார். வகுப்பில் கை தூக்கச் சொல்லியே பழகியவர், தான் தூக்குவதை அன்றுதான் பார்த்தேன். "பல ஊர்க் கோயில்லேருந்து கொண்டுவந்து வெச்சாங்கன்னும் அதே கல்வெட்டுலதானே தம்பி இருக்கு? கொண்டுவந்தவங்களுக்கு விட்டுட்டுப் போக முடியுமா?"

தம்பி முழித்தார். வீட்டுக்கு வந்து தேடினேன். அந்தக் கல்வெட்டிலேயே பதில் இருக்கிறது: பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறு தேசம் போனாலோ, நெருங்கிய சொந்தத்தில் தகுதியுள்ளவர் அந்தப் பங்கைப் பெறலாம். வேறு தேசம் போனவருக்கும் வழி எழுதியிருக்கிறார்கள் என்றால், போவதும் நடந்திருக்கிறது. இதை அத்தையிடம் காட்டியபோது கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்துவிட்டு, "சரி, ஒரு மார்க் அவனுக்கு" என்றார். தெரியாமலே வாங்கிய மார்க். 600 ரூபாய் வாங்குகிறவர் தன் சாட்சியைத் தானே முழுசாகப் படித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சங்கப் பாட்டுகளைப் பற்றி ஒரு நடுகல் பக்கம் உட்கார்த்தி வைத்துப் பேசினார். 400-க்கும் மேற்பட்ட புலவர்களில் முப்பதுக்கு மேல் பெண்கள் என்பது எல்லா மேடையிலும் கேட்பதுதான். எனக்குப் புதிதாக இருந்தது வேறு. காதலில் தவிக்கிற பெண்ணின் குரலாக நாம் கேட்கிற அகப்பாட்டுகளில் பெரும்பாலானவை ஆண்கள் எழுதியவை. தலைவி பேசுகிறாள், எழுதியவர் ஒரு ஆண். பனைமடலில் குதிரை செய்து ஊர் நடுவில் ஏறி, இவளைக் கொடு என்று ஆண் அடம்பிடிக்கலாம், பெண் மடலேறக் கூடாது என்பது தொல்காப்பியம் போட்ட விதி. அந்த விதியை உடைத்துப் பெண்ணாக நின்று மடலேறியவர் திருமங்கையாழ்வார், பெருமாளைக் காதலிக்கிற பரகால நாயகியாகத் தன்னை வைத்து. அதேபோல நம்மாழ்வார் பெண்ணாகிப் பாடும்போது பராங்குச நாயகி. ஆக, இங்கே பெண்ணுக்கு மறுத்ததை ஆண் பெண்ணாகிச் செய்து காட்டியிருக்கிறார்! பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் மெதுவாக, "அப்போ கூட பொண்ணு ஏறலை" என்றாள்.

அடுத்துப் புறநானூற்றில் பூதபாண்டியன் தேவி பாடிய பாட்டு. கணவன் இறந்ததும் தீயில் இறங்கப் போகிறாள், பெரியவர்கள் தடுக்கிறார்கள், அவள் அவர்களைத் திட்டுகிறாள். கைம்பெண்ணாக உயிரோடிருந்தால் என்ன கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறாள்: நெய் இல்லாத, நீரிலிருந்து பிழிந்தெடுத்த சோறு, எள்ளுத் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பருக்கைக் கல்லில் படுக்கை. எனக்குத் தீயும் தாமரைக் குளமும் ஒன்றுதான் என்கிறாள். தம்பி இதை விளக்காமல் ஒருமுறை நிதானமாகப் படித்தார், அவ்வளவுதான். அன்று அவர் செய்த மிக நல்ல காரியம் அது. காதலின் உச்சம் என்று மேடையில் இதைத்தானே சொல்வார்கள், படித்தால் பாதிப் பாட்டு சாப்பாட்டுப் பட்டியல். அத்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும், "எங்க பாட்டிக்கு ராத்திரி சோறு கிடையாதும்மா" என்றார். மாமா போய் ஆறு வருடம் ஆகிறது, ராத்திரி சூடாக ரசம் சோறு இல்லாவிட்டால் அத்தை வீட்டை இரண்டாக்கிவிடுவார், இருந்தும் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரி. பதினோராம் நூற்றாண்டு. இந்த ஒன்றைப் பார்க்கவே 600 கொடுக்கலாம் என்று சொல்வேன், ஆனால் அதை நுழைவுச்சீட்டோடு தம்பி இல்லாமலே பார்க்கலாம். வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் உமை. வலப்பக்க ஆடை தொடையோடு நிற்கிறது, இடப்பக்கம் கணுக்கால் வரை இறங்குகிறது. இடுப்பு ஒரு பக்கம் வளைகிறது, மறுபக்கம் நேராக இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் ஒருவர் முடிந்து இன்னொருவர் ஆரம்பிக்கிறார் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பையன்தான் முதலில் எண்ணினான், "ஏன் மூணு கை?" என்று. சிவனுக்கு இரண்டு, உமைக்கு ஒன்று. தம்பி ஏதோ தத்துவம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அத்தை, "சாமி வீட்டுல ஆம்பளைக்கு ரெண்டு கை, பொம்பளைக்கு ஒரு கை. நம்ம வீட்டுல வேலை செய்யறப்ப மட்டும் அது மாறிடும்" என்றார். கைதட்டல்.

ஆனால் அங்கேயே ஒரு சங்கடமும் நடந்தது. கூட வந்திருந்த ஒரு திருநங்கை, முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், அதுவரை எதுவும் பேசாதவர். தம்பி அர்த்தநாரியைக் காட்டி, நம் முன்னோர்கள் மூன்றாம் பாலினத்தை எவ்வளவு உயர்த்தி வைத்திருந்தார்கள் பாருங்கள் என்றதும், "எங்களப் பத்திப் பேசினாலே எல்லாரும் இவரத்தான் சார் காட்டறாங்க. வீட்டு ஓனர்கிட்ட நான் இவரக் காட்டி வாடகைக்குக் கேக்க முடியுமா?" என்றார். தம்பி சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த சிலைக்கு நகர்ந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. நின்று கேட்டிருக்க வேண்டும்.

பதிலை அத்தைதான் ஓரளவு சொன்னார், அவரோடு பக்கத்தில் நடந்தபடி. தொல்காப்பியத்தில் ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் சொல்லுக்குப் பால் காட்டும் தனி ஈறு (கடைசி விகுதி) கிடையாது, ஆனால் அதை உயர்திணையில் வைத்துத்தான் வினை முடிக்க வேண்டும், ஆண்பால் சொல்லால் முடிக்கக் கூடாது. தெய்வத்தைக் குறிக்கும் சொல்லையும் அதே சூத்திரத்தில்தான் சேர்த்திருக்கிறார். இது மரியாதையா என்று தெரியாது, இது இலக்கணம். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அவ்வளவுதான். அப்புறம் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் நன்னூல் வருகிறது. பெண்மையை விட்டு ஆணாக விரும்புகிறவர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்ணாக விரும்புகிறவர் பெண்பால் என்று பவணந்தி பிரிக்கிறார். என்னவாக விரும்புகிறாரோ அதுவே பால் என்று படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. உடனே அடுத்த அடியில், இரண்டும் அஃறிணை போலவும் ஆகும் என்று ஒரு கதவைத் திறந்துவிடுகிறார். "வந்தது போச்சுன்னு சொல்றாங்களே, அது அங்கேருந்தா டீச்சர்?" என்று அந்தத் திருநங்கை கேட்டார். அத்தையிடம் அதற்குப் பதில் இல்லை. 600 ரூபாயில் எனக்குக் கிடைத்த பெரிய பங்கு இந்த ஐந்து நிமிடம், இது நிகழ்ச்சி நிரலிலேயே கிடையாது.

தம்பியின் இன்னொரு பல்லவி, இதையெல்லாம் குற்றமாக்கியது வெள்ளைக்காரன்தான் என்பது. பாதி சரி. ஓரின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு 1860-ல் வந்தது, 1871-ல் திருநங்கைகளைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்கவும் சட்டம் வந்தது, வயது வந்தவர்கள் மனமொத்து இருப்பதை 377-லிருந்து எடுத்துவிட 2018 செப்டம்பர் 6 வரை காத்திருந்தோம். ஆனால் அர்த்தசாஸ்திரத்தில் அபராதம் இருக்கிறது, மனுவில் உடுத்திய துணியோடு குளிக்கும் பரிகாரம் இருக்கிறது. சிறிய தண்டனைதான், ஆனாலும் தண்டனை. முன்னோர்கள் நம் பக்கம் நின்றார்கள் என்று காட்டினால்தான் இன்றைக்கு உரிமை கேட்கலாம் என்பது போல அவர் பேசுவதுதான் எனக்கு உறுத்தியது.

இனி பின்பாதி. வெளியே மரத்தடியில் உட்கார வைத்து, ஒரு டேப்லெட்டில் எகிப்து, மெசபடோமியா, கிரேக்கம், ரோம். நாற்பது நிமிடத்தில் நான்கு நாகரிகம், வெயிலில் திரை தெரியவே இல்லை. எகிப்துக்கு மட்டும் நிதானம் காட்டினார். தாடி வைத்த அரசனாகத் தன்னைச் செதுக்கச் சொன்ன பெண் ஃபாரோ ஹட்செப்சுட், பிறகு சக்காராவில் 1964-ல் கண்டுபிடித்த கல்லறை. 4,400 வருடம் போல முந்தையது. நியாங்க்னும், க்னும்ஹோதெப் என்று இரண்டு ஆண்கள், அரசனுக்கு நகம் திருத்துகிறவர்களின் தலைவர்கள். மூக்கோடு மூக்கு வைத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், எகிப்தில் கணவன் மனைவியை வரைகிற மாதிரி. அதே கல்லறையில் இருவருக்கும் மனைவி மக்களும் வரைந்திருக்கிறது. காதலர்கள் என்கிறார்கள், சகோதரர்கள் என்கிறார்கள், இரட்டையர் என்கிறார்கள். தம்பி மூன்றையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். இதே நிதானம் தஞ்சாவூரிலும் இருந்திருக்கலாம்.

கிரேக்கத்துக்கு வந்ததும் போச்சு. "அங்கே ஓரினக் காதல் சர்வ சாதாரணம்" என்று ஒரே வரி. தீப்ஸில் காதலர்களாகவே 300 பேர் கொண்ட படை இருந்ததும் கி.மு. 338-ல் கைரோனியாவில் மசிடோனியரிடம் அழிந்ததும் உண்மை. ஆனால் ஏதென்ஸில் வழக்கம் என்பது வயது வந்த குடிமகனும் மீசை முளைக்காத பையனும். இன்றைக்கு நாம் அதற்கு வேறு பெயர் வைப்போம், அதைச் சொல்லாமல் தாண்டுவது நேர்மையில்லை. ரோமிலும் ஆணா பெண்ணா என்பதைவிட யார் மேலே யார் கீழே என்பதுதான் கேள்வி, அடிமையிடம் எது செய்தாலும் குடிமகனுக்கு மானம் போகாது. மெசபடோமியா இரண்டு நிமிடம். அக்காத் அரசன் சார்கோனின் மகள் என்ஹெதுவன்னா, பெயர் தெரிந்த முதல் கவி, அவர் முகத்தை வெயிலில் நான் பார்க்கவில்லை.

கையேடு ஒன்று 150 ரூபாய்க்கு விற்கிறார்கள், 24 பக்கம். வாங்காதீர்கள். மணிமேகலையிலும் சிலம்பிலும் வருகிற, காமன் பேடி உருவில் ஆடிய பேடிக் கூத்து முழுக்க பேட்டிக் கூத்து என்று அச்சாகியிருக்கிறது, காமன் ஆடியது எந்த டிவிக்கோ கொடுத்த பேட்டி போலிருக்கிறது.

மூன்று மணி நேரம் என்றார்கள், மூன்றே முக்கால் ஆனது. தண்ணீர் கொண்டுபோங்கள். முட்டிவலிக்காரர்கள் மடக்கு நாற்காலி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், எங்களுக்கு ஒன்றே ஒன்று இருந்தது, அத்தை உட்கார மாட்டேன் என்றார். பிள்ளைகளைக் கூட்டிப்போவது உங்கள் விருப்பம், அந்தப் பையன் கேட்டவையெல்லாம் நல்ல கேள்விகள். வெள்ளிக்கிழமை மியூசியம் விடுமுறை, மற்ற நாளில் நீங்களே போய் அர்த்தநாரி முன்னால் அரைமணி நிற்கலாம்.

அத்தை அந்தக் கையேட்டைச் சிவப்பு மையில் திருத்தி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுக்கச் சொல்லி என்னிடமிருந்து குழுவுக்கு அனுப்பினார். பதினேழு போட்டோ. 'நன்றி மேடம்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. மறுபதிப்பு எப்போது என்று கேட்டு இன்னொரு செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்.